மருத்துவச்சியின் நாட்குறிப்பைப் படித்தவர்

எங்கள் தர்மபுரியில் வரலாறு என்றாலே நடுகல்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆநிரை மீட்டுப் பட்ட வீரனின் பெயரும் அவன் காலத்து அரசனின் ஆட்சியாண்டும் கல்லில் இருக்கும். அந்த மாடுகளைக் கறந்தவளைப் பற்றி, நான் படித்த கற்களில் ஒரு சொல்லும் இல்லை. இந்தக் குறை மனத்தில் கிடந்ததால்தான் அமெரிக்க வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் உல்ரிக் என்னை இவ்வளவு ஈர்த்தார் என்று நினைக்கிறேன்.

உல்ரிக் 1938ஆம் ஆண்டு ஐடஹோ மாநிலத்தின் சுகர் சிட்டி என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே படித்து, 1980இல் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆங்கிலேயர் குடியேறிய காலத்தில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் வாழ்ந்த சாதாரணப் பெண்களே அவருடைய ஆய்வுப் பொருள். அடக்கமாக வாழ்ந்த பெண்கள் வரலாற்றில் இடம்பெறுவது அரிது என்று அவர் 1976இல் எழுதிய வரி, பிற்காலத்தில் பனியன்களில் அச்சாகிக் கலகக் குரலாகவே பரவிவிட்டது. அவரோ அதை, பக்தியோடு வாழ்ந்து பெயர் தெரியாமல் மறைந்த பெண்களுக்காக வருந்தித்தான் எழுதினார்.

அவருடைய பெரும்பணி மார்த்தா பாலர்ட் என்னும் மருத்துவச்சியின் நாட்குறிப்பு. மெய்ன் பகுதியில் கென்னபெக் ஆற்றங்கரையிலுள்ள ஹாலோவெல் ஊரில் வாழ்ந்த மார்த்தா, 1785 முதல் 1812 வரை 27 ஆண்டுகள் நாள் தவறாமல் எழுதினார். 800க்கும் மேற்பட்ட பிரசவங்கள் அதில் பதிவாகியுள்ளன. அதே காலத்தில், 1792இல் எங்கள் தர்மபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி திப்புவிடமிருந்து கும்பினியார் கைக்கு மாற, அவர்களின் அதிகாரிகளான ரீடும் மன்றோவும் இங்கே நிலம் அளந்து வரி எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதை எண்ணும்போது அந்த ஆற்றங்கரை எனக்கு அவ்வளவு தொலைவாகத் தெரிவதில்லை.

உல்ரிக்குக்கு முன்பும் அந்த நாட்குறிப்பைப் பார்த்தவர்கள் உண்டு. மழை, நூற்பு, துவைப்பு, பிரசவம் என்று திரும்பத் திரும்ப வருவதால், அற்பச் செய்திகள் என்று ஒதுக்கிவிட்டார்கள். உல்ரிக் அந்தத் திரும்ப வருதலையே எண்ணிப் பார்த்தார். ஊரின் நீதிமன்றப் பதிவுகளோடும் ஆண்களின் கணக்கேடுகளோடும் ஒப்பிட்டார். ஆண்களின் ஏடுகளில் தென்படாத ஒரு பெண்கள் பொருளாதாரமே, நூலும் துணியும் உழைப்பும் கைமாறும் கொடுக்கல் வாங்கலாக, அதிலிருந்து வெளிப்பட்டது. மணமாகாத பெண்ணுக்கு வலி எடுத்தால் தகப்பன் யார் என்று மருத்துவச்சி கேட்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். 1791 அக்டோபரில் சாலி பியர்ஸ் என்னும் பெண் சொன்ன பெயர் மார்த்தாவின் சொந்த மகன் ஜோனதனுடையது. மார்த்தா அதையும் மறைக்காமல் எழுதினார். சில மாதங்களில் இருவருக்கும் திருமணம் நடந்தது. 1990இல் வெளிவந்த உல்ரிக்கின் நூல் மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. ஆனால் பரிசைவிட, மகனின் பெயரை எழுதிய அந்தக் கையைத்தான் நான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நூலை முடித்த வாரமே ஊருக்குப் போய் அம்மாவின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கினேன். மஞ்சள் கறை படிந்த நீள நோட்டு. சொசைட்டிக்கு ஊற்றிய பால், களை எடுக்க வந்தவர்களின் கூலி, யாருக்கோ கொடுத்த இரண்டு வள்ளம் ராகி. சில வரிகளின் ஓரத்தில் சிறு சுழி இருந்தது. என்ன அம்மா இது என்றேன். "திருப்பிக் கொடுத்துட்டாங்கன்னு அர்த்தம்பா," என்றார். மார்த்தாவும் கூலி வந்து சேர்ந்ததும் ஓரத்தில் குறி இட்டுவைத்தவர்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். சுழி இல்லாத ஒரு வரியை விரலால் தொட்டு, "இவங்க கொடுக்கல. அந்த வருஷம் மழையே இல்ல, நானும் கேட்கல," என்றார். அந்த வரியின் பக்கத்தில் ஆண்டையும் அவர் சொன்ன காரணத்தையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். நோட்டில் இன்னும் அறுபது பக்கங்களுக்கு மேல் கேட்க வேண்டியிருக்கிறது.