எங்கள் ஃபிளாட்டைப் படமெடுக்கப் பட்ட பாடு

கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர வீதியான மரைன் டிரைவ் பக்கம் எங்களுக்கு ஒரு ஃபிளாட். ஐந்தாம் மாடி, மூன்று அறை, மேற்கே கடல். அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாக இருக்கிறார் என்பதால் விற்றுவிட முடிவெடுத்தோம். தரகரும் விலையும் ஒரே நாளில் சரியாகிவிட்டன. விளம்பரத்துக்குப் படம் எடுக்கத்தான் மூன்று வாரம் போனது. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

முதல் பிழை நேரம். தரகர் தன் வசதிக்கு ஒக்டோபர் மாதத்துப் பின்னேரம் நாலு மணியைக் குறித்துவிட்டார். நானும் யோசிக்காமல் சரி என்றேன். மேற்குப் பார்த்த வீட்டில் அந்த நேரம் வெயில் நேராக உள்ளே விழும். படம் எடுக்க வந்த தம்பி கமராவில் காட்டினார்: யன்னல் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெள்ளைச் சதுரம், கடலைக் காணோம். "அக்கா, காலமை எடுத்திருக்க வேணும். அப்ப வெயில் கட்டடத்துக்குப் பின்னால இருக்கும், கடல் நீலமா விழும்" என்றார். அரை மணி நேரத்தில் இடியும் மழையும் வந்தது. ஒக்டோபரில் கொழும்பில் பின்னேர மழை யாருக்குத் தெரியாது? ஆனாலும் குறித்தோம். அவர் வந்துபோன காசைக் கொடுத்தே ஆகவேண்டியிருந்தது.

அந்த வெள்ளைக்கு வெயில் மட்டும் காரணமில்லை. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வீதியும் ரயில் பாதையும்தான். கண்ணாடி முழுக்க உப்புப் படிந்திருந்தது. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது, வெயில் பட்டால் புகை மாதிரி நிற்கும். நான் முதல் நாள் காய்ந்த துணியால் துடைத்து அதை இன்னும் இழுவிவிட்டிருந்தேன். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி உப்பைக் கரையவிட வேண்டும். அப்புறம் சவர்க்காரத் தண்ணீர், கடைசியில் பழைய பத்திரிகைத் தாளால் துடைப்பு. யன்னல் கிரிலின் கறள் வடிந்து சுவரில் கோடு போட்டிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். சுரண்டிப் பெயின்ட் அடிக்க இரண்டு நாள் பிடித்தது.

அடுத்தது பல்ப். ஹோலில் இரண்டு மஞ்சள், மூன்று வெள்ளை. கண்ணுக்கு உறுத்தவில்லை. படத்தில் ஒரு சுவர் மஞ்சளாகவும் அடுத்தது நீலமாகவும் வந்திருந்தது. எல்லாவற்றையும் 3000 கே (கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சளாக மாற்றச் சொன்னார் படமெடுத்த தம்பி. பிரதான வீதியான காலி வீதிக்குப் போய் ஐந்து வாங்கி வந்தால், அவை திருகு வகை. எங்கள் ஹோல்டர்கள் எல்லாம் பின் வகை! மறுபடி போனேன், கடைக்காரர் நல்லவர், மாற்றித் தந்தார். போகுமுன் பழைய பல்பைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள்.

சாமான்களை ஒதுக்கியதிலும் தவறினேன். வேண்டாதவற்றை எல்லாம் மூன்றாவது அறைக்குள் அடைத்துக் கதவைச் சாத்தினேன். மூன்று அறை வீடு என்று விளம்பரம் போட்டால் மூன்றையும் காட்டத்தானே வேண்டும்? இரண்டாவது தடவைக்கு முன் பதினொரு பெட்டிகளை மாமா வீட்டுக்கு ஓட்டோவில் ஏற்றினேன். மின்விசிறியை நிறுத்துவது, கழிவறை மூடியை மூடுவது, பல்கனிக் கொடியிலிருந்து உடுப்பை எடுப்பது எல்லாம் அன்று காலையில் பத்து நிமிட வேலை.

பிரிட்ஜை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். முதல் தடவை எடுத்த குசினிப் படத்தைக் கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்தவர் உடனே கூப்பிட்டார். பிரிட்ஜ் கதவில் காந்தத்தில் மாட்டியிருந்த மின்சாரப் பில்லில் அம்மாவின் பெயர், முகவரி, கணக்கிலக்கம் எல்லாம் வாசிக்கக்கூடியதாக இருந்தது. தனியாக இருக்கும் வயதான பெண்ணின் விவரம் ஊருக்கே போக இருந்தது. நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. சுவரில் மாட்டிய சான்றிதழ்கள், மேசையில் கிடந்த வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அன்றே எடுத்துப் பூட்டினேன்.

சாமி அறையில்தான் அம்மாவுக்கும் தரகருக்கும் வாக்குவாதம். வீடு பொதுவாகத் தெரியவேண்டும், சாமிப் படங்களை எடுத்துவிடுங்கள் என்றார் தரகர். "பிள்ளை, விளக்கு வைக்கிற இடத்தை வெறுமையா விட ஏலாது" என்றார் அம்மா. நான் அம்மா பக்கம்தான். வெள்ளவத்தையில் வீடு தேடுவோரில் எத்தனையோ பேர் நம்மவர்கள். சாமி அறைக்கு இடம் இருப்பது அவர்களுக்கு ஒரு வசதி, மறைக்கவேண்டிய குறை இல்லை. பழைய கலண்டர்களை மட்டும் எடுத்தோம், குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கினோம். விளக்குப் புகை பிடித்த சுவரில் அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தேன், திட்டாகத் தெரிந்தது. கடைசியில் முழுச் சுவரையும் அடிக்கவேண்டி வந்தது.

இவ்வளவுக்கும் மேலே ஒரு கடிதம். மொட்டை மாடியையும் வாகனத் தரிப்பிடத்தையும் படமெடுக்கக் கட்டட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்று காவலாளி தடுத்தார். அவர் மேல் பிழையில்லை. அலுவலகத்துக்குப் போனேன். உரிமையாளரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஃபிளாட் அம்மாவின் பெயரில், அதனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுநாள் போனேன். அப்போது, செப்டெம்பர் பராமரிப்புக் கட்டண ரசீது எங்கே என்றார்கள். பணம் கட்டியிருக்கிறோம், அவர்களுடைய கொப்பியிலேயே பதிந்திருக்கிறது. இருந்தும் ரசீது இல்லாமல் முடியாதாம். வீட்டைத் தலைகீழாக்கித் தேடி, அப்பாவின் பழைய டயரிக்குள் எடுத்தோம். மூன்றாம் நாள் கொண்டுபோனால் கையெழுத்துப் போடுபவர் லீவு. முதல் நாளே என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தந்திருக்கக்கூடாதா? நீங்கள் கேட்டு எழுதி வாங்குங்கள், படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பாவது.

இரண்டாவது தடவை காலை ஒன்பதரைக்கு எடுத்தோம். அந்தத் தம்பி கமராவை முக்காலித் தாங்கியில் நெஞ்சு உயரத்தில் வைத்து, யன்னலுக்கு ஒரு முறையும் அறைக்கு ஒரு முறையுமாக வெளிச்சத்தை மாற்றி மாற்றி எடுத்தார். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பல்கனிப் படத்தில் கடல் நீலமாக இருக்கிறது, கீழே ஒரு ரயிலும் போகிறது. விளம்பரம் போட்ட மூன்றாம் நாள் லண்டனிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். அவர் முதலில் கேட்டது சாமி அறை எந்தத் திசை பார்க்கிறது என்பதைத்தான். ஃபோனை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.