காலையில் சந்தனம், அந்தியில் விபூதி

குளித்தலைப் பக்கம் ஒரு சொல் உண்டு: ‘காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருஈங்கோய்நாதர்.’ ஒரே நாளில் மூன்று சிவத்தலங்கள். காலையில் கடம்பரைப் பார்த்தாயிற்று. சொக்கர் இருக்கும் அய்யர்மலையின் ஆயிரத்துச் சொச்சம் படிகளை உச்சி வெயிலில் ஏறி இறங்கியதும், என் முழங்கால் அந்தியை ரத்து செய்துவிட்டது. ஈங்கோய்மலை காவிரிக்கு அக்கரையில், அதுவும் மலை. சரி, இக்கரையிலேயே இருப்போம் என்று தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனம் என்ற ஆசிரமத்துக்கு ஆட்டோ ஏறினேன்.

“சாந்திவனமா? அது சர்ச்சுதானேண்ணே” என்றார் ஓட்டுநர், என் நெற்றி விபூதியைக் கண்ணாடியில் பார்த்தபடி.

வாசலில் போய் நின்றால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. கோபுரம் இருக்கிறது. அதில் சிலுவையிலிருந்து எழும் மூன்று முக உருவம். மும்மூர்த்தி என்று கை கூப்பிய பிறகுதான் அது கிறிஸ்தவர்களின் திரித்துவம் என்று புரிந்தது. கூப்பிய கையை இறக்கவா வேண்டாமா என்று ஒரு நொடி தடுமாறியதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே கருவறை, நம் மூலஸ்தானம் போலவே இருட்டாக.

1950-ல் ஜூல் மொன்ஷனன், ஹென்றி லு சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருமார்கள் தொடங்கிய இடம். காவி கட்டி, ஒருவர் பரம அரூபி ஆனந்தம் ஆனார்; மற்றவர் அபிஷிக்தானந்தர். ஆசிரமத்தின் முழுப் பெயர் சச்சிதானந்த ஆசிரமம். சத் என்றால் தந்தை, சித் மகன், ஆனந்தம் தூய ஆவி. பிற சமயங்களில் உள்ள உண்மையான, புனிதமான எதையும் தள்ளுவதில்லை, அங்கும் உண்மையின் ஒளிக்கீற்று உண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965-ல்தான். இவர்கள் பதினைந்து வருடம் முந்தி.

‘கீற்று’ என்ற சொல்தான் எனக்கு இடறியது. அப்படியானால் சூரியன் யார் வீட்டில் இருக்கிறதாம்?

ஆனால் கோபப்பட எனக்கு வாயில்லை. நம் சைவ சித்தாந்த நூல் சிவஞான சித்தியார் என்ன சொல்கிறது? ‘யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வம் ஆகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்.’ மேடைதோறும் சமய ஒற்றுமைக்கு எடுத்துவிடும் வரி இது. அதே பாட்டின் மிச்சத்தை யாரும் வாசிப்பதில்லை. மற்றத் தெய்வங்கள் வேதனைப்படும், பிறக்கும், இறக்கும், வினை செய்யும். இதெல்லாம் இல்லாத சிவன்தான் அறிந்து அருள்வான் என்று போகிறது அது. முகவரி எதுவானாலும் தபால் எங்கள் வீட்டுக்குத்தான்! கீதையில் கண்ணன் சொல்வதும் கிட்டத்தட்ட இதே கணக்கு. விருந்தாளிக்குத் தலைவாழை இலை போடுவோம், பட்டா மட்டும் நம் பெயரில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு இடித்தது லு சோவுக்குத்தான். ரமணரைப் பார்த்து, அருணாசலக் குகைகளில் தங்கிய பிறகு அத்வைதம் அவரை விடவில்லை. மொன்ஷனனோ திரித்துவத்தை விட்டு நகர மறுத்தார். ஒரே கூரையின் கீழ் இருந்த நண்பர்கள் மனதால் விலகினார்கள். மொன்ஷனன் 1957-ல் பாரிஸில் இறந்தார். லு சோ 1968-ல் ஆசிரமத்தை பீட் கிரிபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவியிடம் ஒப்படைத்துவிட்டு இமயம் போய்விட்டார். விருந்தாளியை உள்ளே அழைத்தவருக்கு, வீடு யாருடையது என்பதே மறந்துவிட்டது போல. எனக்கு மூவரில் அவரைத்தான் பிடித்திருக்கிறது.

சாயங்கால வழிபாட்டுக்கு மணி அடித்தது. சமஸ்கிருத சுலோகம், விவிலியத்திலிருந்து ஒரு சங்கீதம், தமிழ் பஜனை, அப்புறம் ஆரத்தி. இங்கே காலையில் சந்தனம், மதியம் குங்குமம், அந்தியில் விபூதி. மூன்று வேளைக்கும் கணக்கு வைப்பது இந்த மண்ணின் பழக்கம் போலும். தட்டோடு வந்தவர் என் நெற்றியைப் பார்த்துச் சற்று நின்றார். அய்யர்மலை விபூதி, வியர்வையில் பாதி கரைந்தது. அதன் மேலேயே இன்னொரு கீற்று இட்டுவிட்டு நகர்ந்தார்.

வெளியே வந்து, குத்துமதிப்பாக அக்கரைப் பக்கம் திரும்பி, ஈங்கோய்நாதருக்கு ஒரு கும்பிடு போட்டேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.