லூர்து கெபிக்கு இரண்டு இரவு வேண்டும்

பாத்திமா, லூர்து, பாரிஸ், அசிசி, ரோம் என்று பத்துப் பன்னிரண்டு நாளில் சுற்றிவரும் குழுப் பயணங்களில் பிரான்சின் மாதா திருத்தலமான லூர்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே இரவு. மாலையில் பேருந்து போய்ச் சேரும். அவசரச் சாப்பாடு, அடித்துப் பிடித்து மெழுகுதிரிப் பவனி, விடிந்தால் பெட்டி கட்ட வேண்டும். சீட்டுக் கட்டிக் காசு சேர்த்து, மாதாவிடம் வைத்த வேண்டுதலைச் செலுத்த வருகிறவர்களுக்கு இது பெரிய அநியாயம். முன்பணம் கட்டும்போதே இரண்டு இரவு உண்டா என்று கேட்டு, பயணத் திட்டத்தில் எழுதி வாங்குங்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கொடுத்த பிறகு இரவுகளை மாற்றினால் சிக்கல்.

நம் பங்குக் கோவில்களில் சிமென்டில் கட்டிய கெபியை, அதாவது மாதா சுரூபம் நிற்கும் குகையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். நீலக் கச்சை, கூப்பிய கரம், எதிரே முழந்தாளிட்ட, மாதாவைக் கண்ட சிறுமி பெர்னதெத் எல்லாம் கண்ணுக்குப் பழகியவை. லூர்தில் உள்ள அசல் கெபியான மசபியேல் பாறை வேறு மாதிரி. மெழுகுதிரிப் புகையில் கறுத்துக் கிடக்கிறது. சுரூபம் வலது பக்கம் உயரத்தில், பாறைப் பிளவுக்குள் நிற்கிறது. 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை 18 முறை மாதா வந்து நின்ற இடம் அதுதான். சுரூபத்தின் அடியில், நாமே அமல உற்பவம் (பாவக்கறையே இல்லாமல் கருவில் உருவானவர்) என்று பெர்னதெத்தின் வட்டாரப் பேச்சிலேயே பொறித்திருக்கிறார்கள்.

வரிசை இடது பக்கமாக உள்ளே நுழையும். நகர்ந்துகொண்டே இடது கையைப் பாறையில் வையுங்கள். கோடிக்கணக்கான உள்ளங்கைகள் தடவித் தடவி அந்தச் சுவர் கண்ணாடிபோல் வழவழத்திருக்கிறது. சில இடங்களில் ஈரம் கசிந்து விரலை நனைக்கும். மேலிருந்தும் சொட்டு விழும். துடைக்கத் தோன்றாது. உள்ளே ஊற்றைக் கண்ணாடிக்கு அடியில் பார்க்கலாம். பிப்ரவரி 25 அன்று 14 வயதுப் பிள்ளை பெர்னதெத் சேற்றைத் தோண்டி, மூன்று முறை குடிக்க முடியாமல் விட்டு, நான்காம் முறை குடித்தது இங்கேதான். முகமெல்லாம் சேறு, ஊரே பைத்தியம் என்றது. மன்றாட்டுச் சீட்டுகளை ஊரிலேயே எழுதி எடுத்து வாருங்கள். உள்ளே நின்று எழுத நேரம் கிடைக்காது. பின்னால் வருகிறவர்கள் தள்ளுவார்கள். கைபேசியை உயர்த்திக்கொண்டு வழியை மறிப்பவர்கள்தான் பெரிய தொல்லை.

தண்ணீர் பிடிப்பது குழாய்களில். காசு கிடையாது. திருத்தல வாசலுக்கு வெளியே வரிசையாகக் கடைகள்; மாதா படம் போட்ட கேன்களை 5 லிட்டர் அளவில்கூட விற்கிறார்கள். அதன் மூடி லேசானது, விமானத்தில் கசிந்து துணியெல்லாம் நனையும். 5 லிட்டர் என்றால் பெட்டி எடையில் 5 கிலோ போய்விடும். நல்ல மூடியுள்ள ஒரு லிட்டர் பாட்டில் போதும். கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு, மூடியில் டேப் சுற்றி, இரண்டு பாலித்தீன் பைக்குள் போட்டுப் பெரிய பெட்டியில் வையுங்கள். பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள்.

கோவிட் வந்த பிறகு நீராடும் இடத்தில் பெரும்பாலும் தொட்டியில் முக்குவதில்லை. கையில் நீர் ஊற்றுவார்கள். கை கழுவி, முகம் நனைத்து, குடிக்க வேண்டும். ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம். ஊற்றிலே போய்க் குடி, கழுவு என்று மாதா சொன்னது இதைத்தான்.

மெழுகுதிரிப் பவனி இரவு 9 மணிக்கு. ஜூன் மாதத்தில் அப்போதும் வெளிச்சம் இருக்கும். மெழுகுதிரியைச் சுற்றி வரும் காகிதக் கூட்டை, திரி எரிய எரியக் கீழே இறக்கிக்கொண்டே வரவேண்டும். மறந்தால் காகிதம் பற்றிக்கொள்ளும். பிரனீஸ் மலையடிவாரம் என்பதால் திடீர் மழை உண்டு. குடையைவிட மழைக்கோட்டு நல்லது, கூட்டத்தில் குடை அடுத்தவர் கண்ணைக் குத்தும்.

முட்டிவலி உள்ள அம்மாமார் சக்கர நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட வேண்டாம். லூர்தில் நோயாளிக்குத்தான் முதல் இடம். நீல வண்டிகளில் அவர்களை இழுத்துப் போகும் தொண்டர்கள் தங்கள் விடுமுறையில், சொந்தச் செலவில் வருகிறவர்கள். கூட்டம் தானாக ஒதுங்கி வழிவிடும். அவே, அவே, அவே மரியா என்று பல்லாயிரம் விளக்குகள் ஒன்றாக உயரும்போது, கை தூக்க முடியாதவரின் விளக்கைப் பக்கத்தில் நிற்கும் யாரோ தூக்கிப் பிடிக்கிறார்.

பவனி முடிந்ததும் விடுதிக்கு ஓடாதீர்கள். பத்தரை மணிக்கு மேல் கெபி முன்னால் கூட்டம் கரைந்து, பக்கத்தில் ஓடும் காவ் ஆற்றின் சத்தம் மட்டும் கேட்கும். செபமாலையில் பத்து மணிகளை உருட்டிவிட்டு, ஊரில் உங்களிடம் செபம் கேட்டு அனுப்பியவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இரண்டாம் இரவு கேட்டு வாங்கியது இதற்குத்தான். பிள்ளை வரம் கேட்டவள், டயாலிசிஸில் இருக்கும் அண்ணன், வேலையில்லாத பிள்ளை, யாரையும் விடாதீர்கள். அம்மா, இத்தனை தூரம் எங்களை அழைத்து வந்தாயே, உனக்கு நன்றி, உன் திருமகனுக்கு நன்றி. மரியே வாழ்க!