காலிங்கராயன் கால்வாய், மூன்றடிக்கு நாலரை அடி

ஜனவரி 5, 2025, ஞாயிறு

வருடக்கணக்கில் மனத்தில் வைத்திருந்த வேலையை இன்று தொடங்கிவிட்டேன். மூன்றடி அகலம், நாலரை அடி நீளத்தில் காடாத் துணியைச் சாப்பாட்டு மேசை மேல் விரித்தேன். மேலே பவானி ஆறு, கீழே நொய்யல், வலப்பக்கம் காவிரி என்று சாக்பீஸால் குறித்தேன். இவற்றுக்கு நடுவே காலிங்கராயன் கால்வாய் வளைந்து வளைந்து இறங்க வேண்டும்.

மேல் துணி, அடித்துணி, இரண்டுக்கும் நடுவே பஞ்சு விரிப்பு. மூன்றையும் ஓட்டுத்தையலால் சேர்த்துப் பிடித்தால் அது குயில்ட். கட்டிலில் விரிக்கவும் போர்த்தவும் பல நாட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலை. அதே தையலால் சுவரில் மாட்டும் படம் செய்தால் ஆர்ட் குயில்ட் என்கிறார்கள். நான் செய்ய நினைப்பது இந்த இரண்டாவது வகை. விரிக்கவும் ஆகாது, போர்த்தவும் ஆகாது.

சிக்கலே அங்கேதான் இருக்கிறது. தலையணை உறை தைக்கிறேன் என்றால், "நீ போய்த் தை அம்மிணி, சோறு நான் வைக்கிறேன்" என்பார் அத்தை. படம் தைக்கிறேன் என்றால், "அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே" என்பார். ஞாயிற்றுக்கிழமையில் வாரத் துணி இருக்கிறது, மாவு ஆட்டுவது இருக்கிறது, மளிகை இருக்கிறது. அத்தை மேல் எனக்கு வருத்தம் இல்லை. பயன்படும் பொருளுக்கு எந்த வீடும் நேரம் கொடுத்துவிடும், படத்துக்குக் கொடுக்காது. இந்த வருடம் படத்துக்கும் நேரம் கேட்கப் போகிறேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

பக்கத்து வீட்டு அக்கா எரிக்கக் கட்டி வைத்திருந்த மூட்டையை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டேன். நைலக்ஸ், பாலியஸ்டர் எல்லாம் ஒதுக்கிய பிறகு நல்ல பருத்தியாக ஒரு கண்டாங்கிச் சேலை, இரண்டு லுங்கி, ஒரு பையனின் பள்ளிச் சட்டை தேறின. பலமுறை துவைத்த பருத்திக்கு ஒரு குணம் உண்டு. இனிச் சுருங்காது, ஊசிக்கு விட்டுக்கொடுக்கும். சலவை காணாத புதுத் துணியையும் இதையும் அடுத்தடுத்து வைத்துத் தைத்தால், முதல் தண்ணீரிலேயே புதியது சுருங்கிப் பழையதை இழுத்துவிடும். அதனால் கடையிலிருந்து வரும் புதுத் துண்டுகளையும் வெந்நீரில் நனைத்து உலர்த்திய பிறகுதான் கத்தரியைத் தொடுவேன்.

சாயம் பார்ப்பதும் இப்போதே. நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் போதும். கண்டாங்கியின் அரக்கு இன்னும் இலேசாகக் கறை விட்டது. அதைக் கால்வாயின் நீலத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாது, மேல் மூலையில் செம்மண் மேட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மஞ்சள் வயலுக்கு மஞ்சளிலேயே சாயமிட்ட துணி வேண்டும் என்று எனக்கு ஆசை. ஈரோட்டில் இருந்துகொண்டு வேறு எதைத் தேடுவது? ஆனால் மஞ்சள் சாயம் வெயிலில் நிற்காது, சோப்புப் பட்டால் சிவந்துவிடும். சுவரில் பல வருடம் தொங்க வேண்டிய படம் இது. கடை பாப்ளின்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜனவரி 18, சனி, தை 5

இன்று காலிங்கராயன் நாள். 13ஆம் நூற்றாண்டில் கொங்குப் பகுதியை ஆண்ட காலிங்கராயன் இந்தக் கால்வாயை வெட்டி முடித்து மக்களுக்கு விட்டது தை 5 என்று இங்குள்ள விவசாயிகள் கொண்டாடுகிறார்கள், தண்ணீரில் பூத் தூவுகிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்திப் பாலத்திலிருந்து பார்த்தேன். சாமந்தி இதழ்கள் ஒதுங்கிய இடமும் நுரை ஒதுங்கிய இடமும் ஒன்றாகவே இருந்தன.

கால்வாய் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பாம்பு போன தடத்தில் வெட்டினார் என்பது கதை. கணக்கு வேறு. தண்ணீர் தானாக ஓட வேண்டுமானால் சரிவு சீராக இருக்க வேண்டும். மேடு வந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டும், பள்ளம் வந்தால் ஒதுங்க வேண்டும். ஒவ்வொரு வளைவும் அந்த இடத்தின் நிலமட்டம் சொன்ன பதில். படத்தில் அழகுக்காக வளைவு போடக் கூடாது என்று அங்கே நின்றபோது தோன்றியது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கோட்டைத் திருத்தினேன்.

ஜனவரி 21, செவ்வாய்

நான் கணக்கு எழுதும் மொத்தத் துணிக்கடைக்கு வாரத்தில் இன்றுதான் பெரிய நாள். திங்கள் சாயங்காலம் தொடங்கிச் செவ்வாய் வரை கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை. கேரளம், கர்நாடகம், ஆந்திரத்திலிருந்து வியாபாரிகள் வருவார்கள். ஈரோடு கிழக்குத் தொகுதி இடைத்தேர்தல் அறிவித்ததிலிருந்து கூட்டமே இல்லை. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டு வந்தால் ஆவணம் காட்ட வேண்டும், பறக்கும் படை நிறுத்திச் சோதிக்கிறது. வெளியூர்க்காரர் வரத் தயங்குகிறார்கள். முதலாளிக்குக் கவலை. எனக்கு ஆறு மணிக்கே வீடு. மகன் டியூஷனிலிருந்து வருவதற்குள் வயல் துண்டுகளில் பாதியை வெட்டி வைத்துவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

நேரம் இல்லை, நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, எதற்கு இல்லை என்று இன்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். குயில்ட் ஒரே வேலை அல்ல. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், கோடு எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் கண்ணும் மனமும் வேண்டிய வேலை. அதற்கு நடுவில் "அம்மா" என்று ஒரு குரல் கேட்டாலே நூல் அறுந்துவிடும். வெட்டுவது, இஸ்திரி போடுவது, மூன்று அடுக்கையும் விரித்துச் சேர்ப்பது ஆகியவற்றுக்கு இடம் வேண்டும், மேசை காலியாக வேண்டும். மற்றது ஊசி ஓட்டும் வேலை, கை இருந்தால் போதும். பேசிக்கொண்டே செய்யலாம், குக்கர் விசில் எண்ணிக்கொண்டும் செய்யலாம்.

இதுவரை கிடைத்த முதல் அரைமணி நேரத்தில் கையில் அகப்பட்டதைச் செய்துகொண்டிருந்தேன். விடியற்காலையின் அமைதியை ஊசி ஓட்டிச் செலவழித்தால், ராத்திரி தூக்கக் கண்ணோடு நிறம் பார்க்க வேண்டி வருகிறது. இனி விடியற்காலை கண்ணுக்கு, ஞாயிறு மத்தியானம் மேசைக்கு, மிச்சமெல்லாம் ஊசிக்கு. மாதத்தில் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜிஎஸ்டி கணக்கு கட்டும் நாட்கள். அவற்றுக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் படத்திடம் எதையும் எதிர்பார்க்கப் போவதில்லை.

பிப்ரவரி 5, புதன்

வாக்குப்பதிவு நாள், கடைக்கு விடுமுறை. ஏழரைக்கே நானும் கணவரும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். பிறகு ஒரு பகல் முழுக்க எனக்கே. வார நாளில் இப்படி ஒரு பகல் எப்போது கிடைத்தது என்று நினைவில்லை.

கால்வாயை வைத்தேன். துணியை நேர்நூலில் வெட்டினால் வளையாது, வளைத்தால் உள்பக்கம் சுருக்கம் விழும். கிராஸில், அதாவது நூலோட்டத்துக்கு 45 பாகை சாய்வாக, ஓர் அங்குல அகலத்தில் பட்டிகள் வெட்டினேன். இரு ஓரத்தையும் கால் அங்குலம் உள்ளே மடித்து ஈரம் தெளித்து இஸ்திரி போட்டால் அரை அங்குலப் பட்டி. இப்போது அதை விரலால் தள்ளினால் கோட்டின் மேலேயே திரும்புகிறது. தைப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் முதலில் உள்வளைவைத் தைக்க வேண்டும், பிறகு வெளிவளைவு. வெளிப்பக்கம் இழுபட்டுக் கொடுக்கும். மாற்றிச் செய்தால் உள்பக்கத்தில் சேரும் மிச்சத் துணிக்குப் போக்கிடம் இருக்காது.

ஓரத்தின் மடிப்புக்குள்ளிருந்து ஊசி மேலே வர வேண்டும், நேர் கீழே காடாத் துணியில் இரண்டு மூன்று நூலிழை மட்டும் பிடித்து, எட்டில் ஒரு அங்குலம் தள்ளி மறுபடியும் மடிப்புக்குள் ஏற வேண்டும். நூலும் பட்டியின் நிறத்திலேயே இருந்தால் தையல் கண்ணில் படாது. ஒரே நீலம் வைக்கவில்லை. அணைக்கட்டுப் பக்கம் தெளிந்த நீலம், ஊருக்குள் வரும்போது சாம்பல் கலந்தது, ஊர் தாண்டிப் பச்சை ஓடிய நீலம். மூன்றும் கடையின் மாதிரித் துண்டுகள். மத்தியானச் சாப்பாட்டை அவரே ஓட்டலில் வாங்கி வந்தார். மேசையைத் தொடாமல் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

விடுமுறைதான், ஆனால் இன்றுதான் கணக்குக் கட்டும் கடைசி நாளும். காலையில் கடைக்குப் போய் முடித்துவிட்டு வந்தேன்.

இரவு ஹாரியட் பவர்ஸைப் பற்றி மறுபடியும் படித்தேன். 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு கணவரோடு சிறு நிலத்தில் பயிர் செய்தபடியே விவிலியக் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்தார். 1886இல் அதே மாநிலத்து ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் அப்படி ஒரு குயில்டைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தரமாட்டேன் என்றார். 1891இல் பணமுடை வந்தபோது தாமே கொண்டுவந்து பத்து டாலர் கேட்டார், ஸ்மித்திடம் இருந்தது ஐந்து. ஐந்துக்கே கொடுத்தார். பிறகும் அதைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போய் வந்தார். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். பிழைத்திருப்பவை என்று தெரிந்தவை இந்த இரண்டுதான்.

உழவும் பிள்ளைகளும் வறுமையும் சூழ்ந்திருந்த ஒரு பெண், போர்த்திக்கொள்ளத் தேவைப்பட்டதற்கு மேல் இத்தனை உருவங்களை வெட்டித் தைத்திருக்கிறார். அதற்கு அவருக்கு யார் நேரம் கொடுத்திருப்பார்கள்? ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கதை என்று அவர் சொல்லச் சொல்ல ஸ்மித் எழுதி வைத்ததால்தான் நமக்கு அவருடைய எண்ணம் தெரிகிறது. என் படத்தின் பின்பக்கத்தில் பெயர், ஊர், வருடம், எந்தத் துணி யாருடையது என்பதெல்லாம் தைக்கப் போகிறேன்.

பிப்ரவரி 22, சனி

அத்தையைக் கண் மருத்துவரிடம் காட்டப் போயிருந்தோம். டோக்கன் வாங்கிக் காத்திருந்த நேரத்தில் மேல் மூலைத் துண்டுகளை ஓட்டினேன். அந்தப் பகுதியைக் கவந்தி முறையில் செய்கிறேன். வடகர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்தி சமூகப் பெண்களின் தையல் அது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பழைய சேலை அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்து, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள். துண்டு சேர்ப்பதும் அடுக்குகளைப் பிணைப்பதும் ஒரே தையலில் முடிகிறது. மெஷின், சட்டம், மேசை எதுவும் வேண்டாம். மடி போதும். வீட்டு வேலைக்கு நடுவில் உட்கார்ந்தவர்கள் கண்டுபிடித்த முறை என்று தையலிலேயே தெரிகிறது.

பக்கத்து நாற்காலி அம்மா, "கொழந்தைக்கா?" என்று கேட்டார். "இல்லைங்க, சுவருக்கு" என்றேன். சிறிது நேரம் கழித்து, "நீலம் நல்லா இருக்குது" என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

நாளை மகனுக்குப் பிளஸ் டூ தேர்வு தொடங்குகிறது. மேசை இந்த மாதம் முழுக்க அவனுடையது. போன வாரமே தரையில் பாய் விரித்து, அடித்துணி, பழைய கைத்தறிப் போர்வை, மேல் துணி மூன்றையும் அடுக்கி, சுருக்கம் நீவி, குறுக்கும் நெடுக்குமாகத் தற்காலிகத் தையல் போட்டு வைத்துவிட்டேன். இனி இடம் கேட்கும் வேலை கிடையாது. அவன் விடியற்காலை நாலரைக்கு எழுந்து படிக்கும்போது நானும் எதிரில் உட்கார்ந்து ஓட்டுத்தையல் போடுகிறேன். இருவரும் பேசுவதில்லை. எனக்கு இந்த நேரம் மிகவும் பிடித்திருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

வயல்களில் வரப்புக் கோடுகள் முடிந்தன. ஊருக்குள் வரும் பகுதியில் கால்வாயை ஒட்டி இன்னொரு கோடு வேண்டும் என்று பல நாளாக யோசித்து இன்று போட்டுவிட்டேன். சாயப்பட்டறை, தோல் பட்டறைக் கழிவுநீர் பாசனத் தண்ணீரில் கலக்காமல் தனியே கொண்டுபோகக் கட்டிய பேபி கால்வாய் அது. கரு ஊதா நூலில் நெருக்கமான சங்கிலித் தையல். நான் சம்பளம் வாங்குவதும் சாயமிட்ட துணியால், இந்தப் படத்தின் நீலமும் ஏதோ ஒரு பட்டறைத் தொட்டியில் ஏறிய நீலம். அந்தக் கோட்டை விட்டுவிட்டு இந்தக் கால்வாயைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அத்தை கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து வெகுநேரம் பார்த்தார். "நம்ம ஊர் எங்கே?" என்றார். அவர் பிறந்தது கொடுமுடிப் பக்கம். கீழே ஓரிடத்தைக் காட்டினேன். "அங்கே என்ன மஞ்சள் வைத்திருக்கிறாய்? எங்கள் தோட்டம் வாழை. சுற்றிலும் வாழைதான்" என்றார். இரண்டு மஞ்சள் துண்டுகளையும் அதன் மேல் ஓட்டிய தையலையும் பிரித்தாக வேண்டும். மார்ச் கணக்கு முடிப்பு வேறு நெருங்குகிறது, இந்த வாரம் கடையில் ராத்திரி எட்டரை ஆகும். ஆனாலும் அவர் சொல்வது சரி, அந்த மண்ணை அறிந்தவர் அவர். பிரிப்பதற்குக் கை போதும், தினம் கொஞ்சமாகப் பிரித்துவிடலாம். கடைக்கு வாழையிலைப் பச்சையில் பாப்ளின் வந்திருக்கிறது. நாளை கால் மீட்டர் எடுத்து நனைத்துப் போட வேண்டும்.