அசல் கோல்ட்டும் இத்தாலிய நகலும்: என் சேகரிப்பு இதுவரை

டெக்சாஸில் பழைய ரிவால்வர் சேர்க்க இறங்குகிறவர்களுக்கு வரும் முதல் கேள்வி இதுதான்: 1873-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற ரிவால்வரின் அசலை வாங்குவதா, நகலை வாங்குவதா? நான் நகலில் தொடங்கினேன். இப்போது கையில் ஓர் அசலும் இருக்கிறது. இந்த வரிசைதான் சரி என்று உறுதியாக நம்புகிறேன்.

காசு ஒரு காரணம், ஆனால் முக்கியமான காரணம் அது இல்லை. நல்ல நகல் புதிதாகவே சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. அசல் என்றால் தேய்ந்து போனதற்கே ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும். ராணுவ முத்திரையோடு பழைய நீல மெருகும் கலையாமல் இருந்தால் விலையைக் கேட்டுவிட்டு வணக்கம் சொல்லி நகர வேண்டியதுதான்.

நான் வாங்கிய நகல் உபெர்ட்டி. வட இத்தாலியில் பிரெஷா நகருக்கு மேலே உள்ள கார்தோனே வால் த்ரோம்பியாவில் செய்யப்படுவது. பெரெட்டா நிறுவனம் 1526-லிருந்து துப்பாக்கி செய்துவரும் ஊர் அது. ஆல்டோ உபெர்ட்டி 1959-இல் அங்கே தொடங்கிய பட்டறை, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய நேரத்தில் அந்தக் காலத்து ரிவால்வர்களின் நகல்களைச் செய்ய ஆரம்பித்தது. என்னுடையது .45 கோல்ட் என்ற தோட்டாவுக்கானது, நாலே முக்கால் அங்குலக் குழல். தோட்டாக்கள் இருக்கும் உருளையான சிலிண்டரைத் தாங்கும் கம்பியை முன்பக்கம் ஒரு ஸ்குரூ பிடித்திருக்கும் பழைய அமைப்பு. 1896 வரை கோல்ட்டும் அப்படித்தான் செய்தது. அதன் பிறகு பக்கவாட்டில் ஸ்பிரிங் வைத்த பூட்டுக்கு மாறினார்கள். இரண்டு அமைப்பிலும் நகல் கிடைக்கிறது.

இந்த நகல் எனக்குச் செய்த பெரிய உதவி, பயமில்லாமல் பிரித்துப் போட விட்டதுதான். தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஹாமரை மெதுவாகப் பின்னால் இழுத்தால் நாலு முறை 'டிக்' என்று கேட்க வேண்டும். முதலாவது பாதுகாப்புக் காடி, ஹாமரைத் தோட்டாமேல் படாமல் சற்றே பின்னால் நிறுத்தும் வெட்டு. இரண்டாவது அரைநிலை, சிலிண்டர் தாராளமாகச் சுற்றும், தோட்டா போடுவது அப்போதுதான். மூன்றாவது, சிலிண்டரை நிறுத்தும் போல்ட் விழும் சத்தம். நான்காவது முழுநிலை. போல்ட் சீக்கிரமே விழுந்தால் சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு கீறிக்கொண்டே போகும். தாமதமானால் சிலிண்டர் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடும். உள்ளே தட்டையான ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. அவற்றில் ட்ரிகரையும் போல்ட்டையும் சேர்த்துத் தள்ளும் இரட்டைக்கால் ஸ்பிரிங்தான் அடிக்கடி உடைவது. இதையெல்லாம் நகலில் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பழகிய பிறகுதான் அசலைக் கையில் எடுக்கும் தகுதி வருகிறது என்பது என் எண்ணம். பாதுகாப்புக் காடியை நம்பக் கூடாது என்பதும் அப்படிப் புரிந்ததுதான். துப்பாக்கி கீழே விழுந்து ஹாமரில் அடிபட்டால் அந்தக் காடி உடைந்து தோட்டா வெடிக்கலாம். அதனால்தான் ஆறு அறை இருந்தும் ஐந்தே தோட்டா போட்டு, ஹாமரைக் காலி அறைமேல் இறக்கி வைக்கும் பழக்கம்.

சுடுவதும் நகலில்தான். கருமருந்துக்குப் பின் வந்த, இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா வெடிமருந்துக்கு ஏற்றது என்று கோல்ட் தன் ரிவால்வருக்கு உத்தரவாதம் கொடுத்தது 1900-இல்தான். அதற்கு முந்தைய அசலில் இன்றைய தோட்டாவைப் போடுவது அந்த இரும்புக்குச் செய்யும் துரோகம். கருமருந்தின் வாசனையும், முன்னால் சுவர்போல் எழும் வெண்புகையும் வேண்டுமென்றால் நகலிலேயே எல்லாம் கிடைக்கிறது. சில சுற்று போனதும் கசடு படிந்து சிலிண்டர் இறுகத் தொடங்கும். அந்தக் கசடு ஈரத்தை இழுக்கும். ஹூஸ்டன் காற்றில் சொல்லவே வேண்டாம். அன்று மாலையே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டுவிட வேண்டும்.

அப்புறம் அசல் தேடல். கன் ஷோ என்னும் துப்பாக்கிச் சந்தைகளில் மேசை மேசையாகப் பார்த்ததில் என் கண் முதலில் போகும் இடங்கள் இப்போது மாறிவிட்டன. பளபளப்பைப் பார்ப்பதில்லை. குழல்மேல் உள்ள எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, ஸ்குரூ ஓட்டைகளின் வாய் பள்ளமாகிவிட்டதா என்று பார்க்கிறேன். பள்ளமாக இருந்தால் யாரோ பழைய தோலை உரித்துப் புது மெருகு ஏற்றியிருக்கிறார்கள். வரிசை எண் ரிவால்வரின் உடற்சட்டத்தின் (ஃபிரேம்) அடியிலும், ட்ரிகர் வளையத்திலும், கைப்பிடியின் பின்பட்டையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 1890-களில் ராணுவம் ஏழரை அங்குலக் குழல்களை ஐந்தரையாக வெட்டியபோது உறுப்புகளைக் கலந்து பூட்டினார்கள். 'ஆர்ட்டிலரி' என்று அழைக்கப்படும் அந்த ரிவால்வர்களில் எண்கள் பொருந்தாமல் இருப்பதுதான் பெரும்பாலும் வழக்கம்.

கோல்ட் நிறுவனமே பழைய பேரேட்டைப் பார்த்துக் கடிதம் தருகிறது: எந்தத் தேதியில், எந்தக் குழலோடு, எந்த மெருகில், யாருக்கு அனுப்பப்பட்டது என்று. ஆனால் அந்தக் கடிதம் எண்ணுக்குத்தான் சாட்சி. இன்று மேசைமேல் கிடக்கும் இரும்பு அதுவேதானா என்பதை நாம்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். புத்தம்புது நகலையே பழசு போலத் தோற்றம் கொடுத்து விற்கிறார்கள். வெளிப்படையாக விற்றால் தப்பில்லை. துப்பாக்கியைச் சோதித்தபின் இத்தாலியில் குத்தும் முத்திரைகள் இருக்கும் இடம் ராவப்பட்டிருந்தால் மட்டும் நான் அங்கே நிற்பதில்லை.

கடைசியில் எடுத்தது 1890-களில் .38-40 என்ற தோட்டா அளவில் செய்த அசல் கோல்ட். அசல் தேடுகிற எல்லோரும் .45-ஐயே துரத்துவதால் இந்த அளவு கொஞ்சம் மலிவு. நீலம் முழுவதும் போய்ப் பழுப்பேறிவிட்டது, கறுப்பு ரப்பர் பிடி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. எண்கள் மூன்றும் பொருந்துகின்றன, நாலு 'டிக்'கும் கேட்கிறது. செயின்ட் லூயிஸில் ஒரு ஹார்டுவேர் வியாபாரிக்குப் போனது என்கிறது கடிதம். 1898-க்குள் செய்யப்பட்டது என்பதால் மத்தியச் சட்டப்படி இது பழம்பொருள். நகல் வாங்கும்போது நிரப்பிய படிவம்கூட இதற்குத் தேவைப்படவில்லை. மாநிலச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் இதைச் சுடப் போவதில்லை, மெருகேற்றப் போவதும் இல்லை. லேசாக எண்ணெய் மட்டும்.

அடுத்து ஸ்கோஃபீல்டு, நடுவில் மடித்துத் திறக்கும் ஸ்மித் & வெசன் வகை. அதன் அசல் என் கைக்கு எட்டாது, ஆகவே நகல்தான். அசலின் சிலிண்டர் குட்டையானது, .45 கோல்ட் தோட்டா அதில் அடங்காது. உபெர்ட்டி அதற்காகவே சிலிண்டரை நீட்டியிருக்கிறது. ஓரிரு நகல்களைக் கையில் எடுத்துப் பூட்டின் இறுக்கத்தைப் பார்த்தபின் வாங்குவதாக இருக்கிறேன்.