ஆர்பிஎம்மை டெப் ஆக்கும் முன்

பழைய ஸ்கேனரின் டிரைவர் ஆர்பிஎம் கோப்பாக (ஃபெடோரா போன்ற லினக்ஸ்களின் பேக்கேஜ் வடிவம்) மட்டுமே கிடைக்கிறது, கணினியில் ஓடுவதோ டெப் கோப்புகளை நிறுவும் டெபியன் லினக்ஸ். இந்த இக்கட்டில் எல்லோரும் கைகாட்டுவது, ஒரு வடிவ பேக்கேஜை இன்னொன்றாக மாற்றும் ஏலியன் என்ற கருவி. ஒரே வரியில் டெப் கோப்பு கைக்கு வந்துவிடும். ஆனால் அது மாற்றித் தருவது கோப்புகளைத்தான். அந்த பேக்கேஜ் வேறு எவற்றை நம்பி ஓடுகிறது என்று ஆர்பிஎம்மில் எழுதியிருக்கும் பட்டியல் கூடவே வராது. வம்பு தொடங்குவது அங்கேதான். (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.)

ஏலியனை நிறுவும்போதே ஆர்பிஎம் கருவியும் சேர்ந்து வந்துவிடும். முதலில் அதை வைத்து உள்ளே என்ன இருக்கிறதென்று பாருங்கள். 'ஆர்பிஎம் -க்யூபி --ரிக்வயர்ஸ்' என்று அடித்து, பின்னால் கோப்பின் பெயரைக் கொடுத்தால் தேவைப்பட்டியல் வரும். அதே கட்டளையில் '--ஸ்கிரிப்ட்ஸ்' என்று போட்டால் நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓடும் ஸ்கிரிப்ட்கள் தெரியும். பெயர்கள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது: ஃபெடோராவில் லிப்யூஎஸ்பி1 என்பது டெபியனில் லிப்யூஎஸ்பி-1.0-0. லைப்ரரிக் கோப்பின் (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்) பெயரை 'ஆப்ட்-ஃபைல் சர்ச்' கட்டளைக்குக் கொடுத்தால் இங்கே எந்த பேக்கேஜ் என்று சொல்லிவிடும்.

மாற்றுவதற்கு 'ஃபேக்ரூட் ஏலியன் -கே' போதும். ரூட் உரிமை இருப்பதுபோல் பாவனை காட்டும் ஃபேக்ரூட் இல்லாமல் சாதாரணப் பயனராக ஓட்டினால் கோப்புகளின் உரிமையாளர் விவரம் குழம்பும். '-கே' போடாவிட்டால் ரிலீஸ் எண் ஒன்று கூடும்: 1.0-1 உள்ளே போய் 1.0-2 ஆக வெளியே வரும்.

வந்த கோப்பை உடனே நிறுவாதீர்கள். 'டிபிகேஜி-டெப் --இன்ஃபோ' போட்டு தேவைகளைச் சொல்லும் டிபென்ட்ஸ் வரியைப் படியுங்கள். பைனரிகளை ஆராய்ந்து லைப்ரரிகளை அந்த வரியில் சேர்க்க ஏலியன் முயலும். அந்த ஆய்வில் பிழை வந்தாலோ, கண்டுகொள்ளாமல் கட்டி முடித்துவிடும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் மாதிரி வெளியிலிருந்து அழைக்கப்படும் புரோகிராம்கள் அந்த ஆய்வில் சிக்கவே சிக்காது. வரி காலியாகவோ குறையாகவோ இருந்தால் '--ஜெனரேட்' கொடுங்கள். ஏலியன் டைரக்டரியை மட்டும் உருவாக்கிவிட்டு நிற்கும். அதிலுள்ள டெபியன்/கன்ட்ரோல் கோப்பில் விடுபட்டதை எழுதிவிட்டு, அங்கிருந்தே 'ஃபேக்ரூட் டெபியன்/ரூல்ஸ் பைனரி' ஓட்டுங்கள்.

'--ஸ்கிரிப்ட்ஸ்' என்பது ஏலியனிலும் உண்டு. ஸ்கிரிப்ட்களைப் படிக்காமல் அதைத் தொடாதீர்கள். ஆர்பிஎம் தன் ஸ்கிரிப்டுக்கு எண் கொடுக்கும்: புதிதாக நிறுவினால் 1, மேம்படுத்தினால் 2. டெபியனில் டெப்களை நிறுவும் டிபிகேஜி கொடுப்பதோ 'கன்ஃபிகர்' என்ற சொல். எண்ணை எதிர்பார்த்து ஒப்பிடும் வரி, சொல்லைப் பார்த்ததும் பிழை காட்டும் அல்லது வேலையைச் செய்யாமல் தாண்டிவிடும். செக்கான்ஃபிக் போல டெபியனில் இல்லாத கட்டளையை அழைத்து ஸ்கிரிப்ட் தோற்றால் பேக்கேஜ் பாதியில் நிற்கும். அதன்பின் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஆப்ட்டை எதற்குக் கூப்பிட்டாலும் அதே புலம்பல்தான். /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ டைரக்டரியில் அந்த பேக்கேஜின் போஸ்ட்இன்ஸ்ட் கோப்பைத் திறந்து, முதல் வரிக்குக் கீழே 'எக்ஸிட் 0' என்று எழுதி, 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' ஓட்டினால் விடுபடும்.

நிறுவிய பிறகும் லைப்ரரி கிடைக்கவில்லை என்று புரோகிராம் அடம்பிடித்தால் பாதையைப் பாருங்கள். ஃபெடோரா 64 பிட் லைப்ரரிகளை /யூஎஸ்ஆர்/லிப்64-இல் வைக்கும். லைப்ரரிகளை ஏற்றும் டெபியனின் லோடர் தேடுவது /யூஎஸ்ஆர்/லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னு போன்ற இடங்களில். /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி-க்குள், பெயர் .கான்ஃப் என்று முடியும் கோப்பு ஒன்றில் அந்தப் பாதையை எழுதி 'எல்டிகான்ஃபிக்' ஓட்டினால் சரியாகும்.

எதிர்த்திசையில், டெப்பை ஆர்பிஎம்மாக மாற்றி ஃபெடோராவில் போட்டால் '/' என்ற டைரக்டரி ஃபைல்சிஸ்டம் பேக்கேஜுடன் மோதுகிறது என்று பிழை வரும். ஏலியன் எழுதும் ஸ்பெக் கோப்பு (ஆர்பிஎம்மை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு), பொதுவான டைரக்டரிகளையும் தன்னுடையவை என்று உரிமை கொண்டாடுவதுதான் காரணம். ஃபோர்ஸ் போட்டு நிறுவச் சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். '-ஆர் --ஜெனரேட்' கொடுத்து, ஸ்பெக்கில் '%டிர்' என்று தொடங்கும் வரிகளில் '/', '/யூஎஸ்ஆர்/', '/யூஎஸ்ஆர்/பின்/' ஆகியவற்றை நீக்குங்கள். பேக்கேஜுக்கே சொந்தமான டைரக்டரிகள் இருக்கட்டும். பிறகு 'ஆர்பிஎம்பில்ட் -பிபி' ஓட்டி, '--பில்ட்ரூட்' இடத்தில் ஏலியன் உருவாக்கிய டைரக்டரியின் முழுப் பாதையைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் ஆர்பிஎம்பில்ட் அந்த டைரக்டரியைத் துடைத்துவிடக்கூடும், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிலிப்சி (அடிப்படை சி லைப்ரரி), இனிட் (பூட் ஆகும்போது முதலில் ஓடும் புரோகிராம்) வகையறாவை எந்தத் திசையிலும் மாற்றிப் போடாதீர்கள். கணினி மறுபடி பூட் ஆகாமலே போகலாம்.

டெப்பிலிருந்து டெப்புக்கே மாற்ற வேண்டிய நிலையும் வரும். உபுண்டு 21.10 முதல் டெப்களை இசட்எஸ்டிடி என்ற முறையில் சுருக்குகிறது. டெபியன் 12-இன் டிபிகேஜி அதைத் திறக்கும், பழையவற்றில் 'தெரியாத சுருக்கம்' என்று நின்றுவிடும். இங்கே ஏலியன் வேண்டாம். டெப் என்பது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஏஆர் காப்பகம்தான். 'ஏஆர் எக்ஸ்' கொடுத்துப் பிரித்து, கன்ட்ரோல், டேட்டா என்ற இரண்டு டார் கோப்புகளையும் எக்ஸ்இசட்டில் மறுபடி சுருக்கி, 'ஏஆர் ஆர்சி' கொடுத்துப் புதிய கோப்பாகக் கட்டுங்கள். டெபியன்-பைனரி, கன்ட்ரோல், டேட்டா என்ற வரிசையிலேயே சேருங்கள். வரிசை மாறினால் டிபிகேஜி அதை டெப் என்றே ஒத்துக்கொள்ளாது.