கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்

"சிஸ்டர், இந்தப் பல்லைப் பாத்துச் சொல்லுங்க. ஹான்ஸ் புகையிலையா, இல்லையா?" என்று தலைமையாசிரியர் கேட்டார். "இது தண்ணியால வந்த கறை சார்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. இதில் பொய் ஒன்றும் இல்லை. இன்றைக்கு அதே பையனை அதே வெளிச்சத்தில் நிறுத்திக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அந்தப் பதில் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பென்னாகரம் பக்கத்துப் பள்ளி. பிள்ளைகளைப் பரிசோதிக்க எங்கள் மருத்துவக் குழு போயிருந்தது, நான் அதில் நர்ஸ். பத்தாம் வகுப்புப் பையன்களின் வரிசை வந்தபோது, ஹெச்.எம். தானே வந்து ஒருவனைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். அவருடைய இன்னொரு கையில் ஒரு காலி டப்பா. உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கிற குட்டிக் குட்டிப் புகையிலைப் பைகள் இருந்த டப்பா. பையன்கள் வாயில் அதற்கு 'லிப்' என்று பெயர். கழிவறைக்குப் பின்னால் கிடந்ததாம். யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. வகுப்பிலேயே பல் மோசமாக இருப்பவன் இவன். ஆகவே இவனுடையது.

டாக்டர் பக்கத்து அறையில் ரத்தசோகைப் பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்பிள்ளைகள் என் பொறுப்பு. டார்ச்சை அடித்து "ஆ காட்டுப்பா" என்றேன். மேல்வரிசை முன்பற்களில் குறுக்கே பழுப்புப் பட்டை. இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியே. பட்டையைச் சுற்றி சுண்ணாம்பு நிறத்தில் திட்டுகள். நாக்கை அழுத்தும் மரக்குச்சியால் சுரண்டிப் பார்த்தேன், துளிகூட வரவில்லை. புகையிலைக் கறை இப்படி இருக்காது. அது ஈறு ஓரத்திலும், கீழ்ப்பற்களின் உள்பக்கத்திலும் படியும். பல் டாக்டர் சுத்தம் செய்தால் வந்துவிடும். இது பல்லுக்கு மேல் படிந்ததல்ல, பல்லோடு சேர்ந்து உருவானது. எங்கள் தருமபுரி மாவட்டத்தில் இதைப் பார்க்காத நர்ஸ் கிடையாது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது. பழக்கதோஷத்தில் கையுறை விரலால் கீழுதட்டை மடக்கினேன். உள்ளே ஒரே ஒரு இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக, ரொம்ப நேரம் துணி துவைத்த கையின் தோல் போலச் சுருங்கியிருந்தது. தினமும் ஒரே இடத்தில் எதையோ ஒதுக்கி வைக்கிற வாயில்தான் அப்படி வரும். அவன் கண் என் முகத்திலேயே இருந்தது. நான் பார்த்துவிட்டது அவனுக்குத் தெரியும்.

ஹெச்.எம். பையனின் தோளை விடாமல் பக்கவாட்டில் நின்றார். பல்தான் அவருக்குத் தெரியும், உதட்டின் உள்பக்கம் தெரிய வாய்ப்பில்லை. அந்த நேரத்தில்தான் அந்தக் கேள்வி. பதில் சொன்னதும் "நிச்சயமா?" என்றார். "நிச்சயம் சார். சுரண்டினாலும் போகாது, பாருங்க" என்று குச்சியை வைத்துக் காட்டினேன். இந்தக் குச்சி விஷயம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. வாயால் சொன்னது போதாது என்று நிரூபித்தும் காட்டியிருக்கிறேன்.

அவர் பையன் தோளிலிருந்து கையை எடுத்தார். "போடா, போய் உக்காரு" என்று சொன்ன குரல் மாறியிருந்தது.

நான் சொன்னது பல்லைப் பற்றி. அவர் கேட்டதும் பல்லைப் பற்றித்தான். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது பல் இல்லை என்பது எனக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும். டி.சி. எழுதி மேஜைமேல் வைத்திருப்பதாகக் காலையில் ஸ்டாஃப் ரூமில் அவர் சொன்னதை டீ குடித்துக்கொண்டே கேட்டிருந்தேன். கட்டாயக் கல்விச் சட்டத்தில் பிள்ளையை வெளியே அனுப்பக்கூடாது என்கிற பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பொதுத்தேர்வுக்கு முன்னால் டி.சி. வாங்கிய பத்தாவது பையன் எங்கள் பக்கத்தில் எங்கே போவான்? ஓசூரில் ஏதாவது கம்பெனி கேன்டீன், இல்லையென்றால் பெங்களூரில் பேக்கரி, கட்டட வேலை. அங்கே போனால் லிப் நிற்குமா? கூட நாலு பழக்கம் சேரும். அதனால் நான் செய்தது சரி. பல நாள் இந்த இடத்தில் யோசனையை நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

சில நாள் நிற்காது. எனக்கு அவன் எதிர்காலத்தின் மேல் அவ்வளவு அக்கறை என்றால், "சார், பல் தண்ணியால, ஆனா பையனுக்குப் பழக்கம் இருக்கு, டி.சி. கொடுக்காதீங்க, எங்ககிட்ட விடுங்க" என்று சொல்லியிருக்கலாமே? அந்த மனிதர் ஒன்றும் அரக்கன் இல்லை. சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கித் தருகிறவர். கேட்டிருந்தாலும் கேட்டிருப்பார். அந்த வாய்ப்பை அவருக்கு நான் கொடுக்கவே இல்லை.

இங்கே என் பல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானும் இந்த மாவட்டம்தான், எனக்கும் முன்பல்லில் அதே பழுப்பு. நர்ஸிங் படிக்கச் சேலம் போனபோது ஹாஸ்டலில் முதல் வாரமே "வெத்தலை போடுவியா?" என்று கேட்டார்கள். படிப்பு முடியும்வரை வாயைக் கையால் மறைத்துத்தான் சிரித்தேன். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டிலும் அதே பேச்சு. எங்கள் ஊர்ப் பாறையில் இருக்கிற ஃபுளோரைடு போர்வெல் தண்ணீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. தாடைக்குள் பல் உருவாகிற வயதில், அதாவது எட்டு வயதுக்குள், அதைக் குடித்த பிள்ளைக்குக் கறை நிரந்தரம். அப்புறம் பன்னீரே குடித்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் திறந்தார்கள். இந்தப் பையன் அதற்கு முன்னால் பிறந்தவன். ஆக, அவனைப் பல்லை வைத்துக் குற்றவாளி ஆக்கியதும் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. "தண்ணி" என்று நான் அவ்வளவு வேகமாகச் சொன்னது அவனுக்காகவா, சேலம் ஹாஸ்டலில் பதில் சொல்லாமல் நின்ற எனக்காகவா என்று இன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மதியம் கை கழுவுகிற இடத்தில் அவனைப் பிடித்தேன். "தம்பி, நான் பல்லைப் பத்தித்தான் சொன்னேன். உதட்டைப் பத்திச் சொல்லல."

"தெரியும் சிஸ்டர்."

"எப்போலேருந்து?"

"எட்டாவதுலேருந்து."

"எங்க வாங்கற?"

அதற்குப் பதில் இல்லை. கண் மட்டும் பள்ளி கேட்டுப் பக்கம் போய் வந்தது. கேட்டுக்கு வெளியே இரண்டு கடை. கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003 சட்டமே சொல்கிறது. குட்கா, மெல்லும் புகையிலைக்கு 2013இலிருந்து தமிழ்நாட்டில் தடை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. சிறார் நீதிச் சட்டப்படி பிள்ளை கையில் புகையிலையைக் கொடுத்தவருக்கு ஏழு வருடம் வரை ஜெயில். இத்தனை சட்டத்தையும் தாண்டி வந்த டப்பா அது. கடைசியில் டி.சி. மட்டும் பையனுக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே காலையில் மூன்று பையன்கள் ஒரே ஸ்ப்ளெண்டரில், ஒருத்தன் தலையிலும் ஹெல்மெட் இல்லாமல், ஹெச்.எம்.முக்கு "குட்மார்னிங் சார்" சொல்லிக்கொண்டே கேட்டுக்குள் வந்தார்கள். அவரும் சொன்னார். லைசென்ஸ் இல்லாத பையனிடம் வண்டியைக் கொடுத்த வீட்டாருக்கு 2019 திருத்தத்தில் 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் இருக்கிறது. தொப்பூர் கணவாய் இருக்கிற மாவட்டத்தில் வண்டி எப்படி ஆளைக் கொல்லும் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதுக்கு யாரும் டி.சி. எழுதுவதில்லை. காலையில் முதல் டவுன் பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு ஓடிவந்து பிரேயரில் மயங்கி விழுகிற பிள்ளைகளும் உண்டு. அரசின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. லிப் வைத்தால் பசி தெரியாது என்று ஒரு பையன் என்னிடமே சொல்லியிருக்கிறான். வேறு பள்ளி, வேறு பையன்.

பையனின் பரிசோதனைக் கார்டில் என்ன எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டும். வளரிளம் பருவத்தினருக்கான பகுதியில் போதைப் பழக்கம் பற்றி ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் செய்தேன். அந்தக் கார்டு எங்கள் வண்டியோடு வந்துவிடும், பள்ளியில் தங்காது. ஆனால் மேல்சிகிச்சைச் சீட்டு வகுப்பாசிரியர் கை வழியாகத்தான் போகும். அதில் "பல் பரிசோதனை, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை" என்று மட்டும் எழுதினேன். அதுவும் உண்மை. அன்றைக்கு நான் எழுதியது, பேசியது எல்லாமே உண்மை. வண்டியில் திரும்பும்போது டாக்டரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க நர்ஸா, வக்கீலா?" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டினாரா பாராட்டினாரா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

அவன் சீட்டை எடுத்துக்கொண்டு தருமபுரி போகவில்லை. போவான் என்று நானும் நம்பவில்லை. அப்பா பெங்களூரில், அம்மா கூலி வேலையில். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வலிக்காத பல்லுக்கு யார் ஆஸ்பத்திரி போவார்கள்?

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் பிரேயரில் ஹெச்.எம். பேசினாராம். "பல் கறை தண்ணீரால் வருவது, மருத்துவக் குழுவே சொல்லிவிட்டது, இனி யாரும் யாரையும் பல்லை வைத்துக் கிண்டல் பண்ணக்கூடாது." அங்கே வேலை செய்கிற அறிவியல் டீச்சர் இதை என்னிடம் சொன்னபோது அவர் முகமெல்லாம் சந்தோஷம். ஒன்பதாவதில் வாயைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டே பதில் சொல்லும் ஒரு பெண், இப்போது எழுந்து நின்று சத்தமாகப் படிக்கிறாளாம். எனக்கும் அது சந்தோஷம்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா சிஸ்டர், பசங்க இப்ப எதைக் கேட்டாலும் 'தண்ணிப் பல்லு டீச்சர்'ங்கறானுங்க" என்றார்.

13 முதல் 15 வயது மாணவர்களிடம் 2019இல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். தாங்களே ஒத்துக்கொண்டவர்கள் மட்டும் இவ்வளவு. நாற்பது பேர் வகுப்பு என்றால் மூன்று நான்கு பேர். மற்ற இரண்டு மூன்று பேருக்கு நல்ல வெள்ளைப் பல்லாக இருந்திருக்கும். அவர்களை யாரும் தோளைப் பிடித்துக் கூட்டி வரவில்லை, நானும் உதட்டை மடக்கவில்லை. இதை நினைத்தால் என் பதில் சரி என்று மறுபடி தோன்றும். ஒருத்தனை மட்டும் பிடித்துக் கொடுப்பதில் என்ன நியாயம்? ஆனால் எட்டாவதிலிருந்து வைக்கிறவனுக்கு நியாயமா வேண்டும்? நிறுத்த உதவிதான் வேண்டும். நான் கொடுத்தது, "இது வாயில புண்ணாகும், கேன்சர் வரைக்கும் போகும், விட்டுடு தம்பி" என்ற பேச்சு மட்டும். அதை டப்பாமேல் படமாகவே போட்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை போனபோது அவன் பதினொன்றாம் வகுப்பு வரிசையில் நின்றான். பாஸ் செய்திருந்தான். என் முறை வந்ததும், நான் கேட்கும் முன்பே கீழுதட்டைத் தானே இழுத்துக் காட்டினான். சுத்தமாக இருந்தது, வெள்ளைத் திட்டின் அடையாளமே இல்லை. "குட்" என்றேன். அவனும் சிரித்தான், பழுப்புப் பல் தெரிய. அந்தத் திட்டு, பழக்கத்தை விட்டால் சில வாரங்களில் மறைந்துவிடும். வைக்கிற இடத்தை மாற்றினாலும் மறைந்துவிடும். மேலுதட்டை நான் தொடவில்லை. பின்னால் நீள வரிசை, மணி பன்னிரண்டாகிவிட்டது என்று காரணம் சொல்லலாம். அவன் தானாகக் காட்டியதை நம்பாமல் இன்னொரு உதட்டை மடக்கினால் நானும் ஹெச்.எம்.மும் ஒன்றாகிவிடுவோம் என்றும் சொல்லலாம். இரண்டுமே காரணம்தான். எது பெரிய காரணம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

போன வாரம் அந்த ஹெச்.எம். போன் செய்தார். புகையிலை இல்லாத கல்வி நிறுவனம் என்று பள்ளிகள் தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டு அனுப்புகிற படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாராம். வாசலில் போர்டு வைத்தாயிற்று, நூறு கஜத்துக்கு மஞ்சள் கோடு போட்டாயிற்று, வளாகத்தில் துப்பிய கறையோ காலி டப்பாவோ இல்லை என்கிற கட்டம் மட்டும் பாக்கி.

"நீங்கதான் அன்னிக்கே பாத்துச் சொல்லிட்டீங்களே சிஸ்டர், நம்ம பசங்களுக்கு அதெல்லாம் கிடையாதுன்னு. இதையும் டிக் பண்ணிடலாம்ல?"

"சார், நான் ஒரு பையனோட பல்லைப் பத்தி மட்டும்தான் சொன்னேன். டப்பா கிடந்ததை நீங்கதானே கையில வச்சிருந்தீங்க?"

"அது யாராவது வெளி ஆளுங்க எறிஞ்சிருப்பாங்க" என்றார். பின்னால் பிரேக் மணி அடித்தது. அடுத்த விசிட் என்றைக்கு என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். இந்தத் தடவை பதினொன்றாவது, பன்னிரண்டாவது பையன்களை ஒவ்வொருத்தராகத் தனி அறையில், டீச்சர்கள் யாரும் இல்லாமல் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"தனியா எதுக்கு சிஸ்டர்?" என்றார்.

டாக்டர் மேடம் சொன்னாங்க சார் என்றேன். டாக்டரிடம் நான் இனிமேல்தான் கேட்க வேண்டும்.